கைராசிக்கு ஒரு மாற்று ஆள்

கடையில் எல்லாரும் எதற்காக அந்த அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்களோ, அதையே செய்வதற்கு மாதச் சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது, புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான்.

கடையின் மொட்டைமாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே நாங்கள் சாப்பிடுவோம். பட்டு இருக்கும் இடத்தில் எண்ணெய்க் கை வரக்கூடாது. ஒரு கையில் சாதம், இன்னொரு கையில் போன், போனில் வேலை விளம்பரங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அடுத்த வேலையைத் தேடுகிற ரகம் நான். பி.பி.ஏ. முடித்திருந்தேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாதி படித்திருந்தேன். புடவை மடிப்பது பற்றி ஒரு யூடியூப் சானல் ஆரம்பித்து, அதை எங்கள் அத்தைமார் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று போனில் வந்து நின்றது 'பிசினஸ் கன்டினியூட்டி அண்ட் ரிஸ்க் எக்ஸிகியூட்டிவ்' என்று ஒரு விளம்பரம். பெயர் நீளமாக இருந்ததால் உள்ளே போய்ப் படித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது.

"அக்கா, ஒரு கம்பெனியில இன்னா இன்னா நின்னு போவும்னு முன்னாடியே யோசிக்கணுமாம். நின்னா அதுக்குப் பதிலு ஒண்ணு ரெடி பண்ணி வெக்கணுமாம். அப்பப்போ வேணும்னே நிறுத்திப் பாக்கணுமாம்."

அக்கா அப்பளத்தை உடைப்பதை நிறுத்தினார்.

"இதுக்குச் சம்பளம் தராங்களா?"

"தராங்கக்கா."

"திட்டறதில்லையா?"

"அது இதுல போடல."

அக்கா போனை வாங்கி, இங்கிலீஷை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். கை காய்ந்துபோகும்வரை படித்தார்.

அவர் எங்கள் கடையில் கீழ்த்தளத்துக்கு இன்சார்ஜ். மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் எவ்வளவு இடம் இருந்தாலும் பின்வாசல் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார். கோயிலுக்குப் போனால் எல்லாரும் செருப்பு விடுகிற குவியலில் தன் செருப்பை விடமாட்டார். எதிர்த்திசையில், யாரும் பார்க்காத ஒரு மூலையில் கிடக்கும். வளையலில் எப்போதும் ஊக்குகள் கோத்திருக்கும். பூ வாங்குவதில்கூட ஒரு ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பூக்காரம்மா, கடைத்தெரு முனையில் இன்னொருவர். ஒரு நாள் இவரிடம் வாங்கினால் மறுநாள் அவரிடம். "ஒருத்தர்கிட்டயே வாங்கினா, அவங்க வராத அன்னிக்கு நம்ம தல மொட்டையாப்பா நிக்கும்? ரெண்டு பேருகிட்டயும் பழக்கம் இருக்கணும்" என்பார். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை. கல்யாணப் புடவைக் கடையில் அதைக் கேட்காமல் விடுவார்களா? கேட்டால், "அது இல்லன்னா இன்னா ஆவுது இப்போ?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் ஜரிகை பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார்.

அந்த 'இல்லன்னா' தான் அவர். பார்க்கிற எதையும் ஒரு நொடி மனசுக்குள் எடுத்து ஒளித்துவைத்துப் பார்ப்பார். லிப்ட் இல்லன்னா? பில்லு போடற பொண்ணு வரலன்னா? மாடி ரூம் சாவி வெச்சிருக்கிறவரு மாமியார் வீட்டுக்குப் போய்ட்டாருன்னா? முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'இல்லன்னா அக்கா' என்றே பெயர்.

பெயர் வைத்ததில் தப்பில்லை. ஆனால் எங்கள் கடையில் அந்தச் சொல்லே தடை செய்யப்பட்ட சொல். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் காதில் 'இல்லை' என்று விழக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். கேட்ட நிறம் கைவசம் இல்லையென்றால், "தறியில ஓடிக்கினு இருக்குதும்மா" என்போம். சரக்கு தீர்ந்தால் "நெறஞ்சி போச்சி". சாயங்காலம் கடையை மூடமாட்டோம், எடுத்து வைப்போம். சாமி விளக்கை அணைக்கமாட்டோம், குளிரவைப்போம். இப்படிப் பூப்போலப் பேசுகிற இடத்தில், மணப்பெண்ணின் சித்தி காது கேட்க, "தீப்புடிச்சா எந்தப் பக்கம் ஓடுறதுண்ணா?" என்று அக்கா கேட்டால் எப்படி இருக்கும்?

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் போதும் என்பதைத் தெலுங்கில்தான் சொல்வார். "சாலும்மா, சாலு. நல்ல நாளும் அதுவுமா தீயாம், ஓட்டமாம். போயி வாயக் கொப்புளிச்சிக்கினு வா." அக்காவும் போய்க் கொப்புளித்துவிட்டு வருவார். வந்து அடுத்ததைக் கேட்பார்.

கொஞ்ச நாளில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வியை விடவில்லை, கேள்விக்குப் பட்டு கட்டிவிட்டார்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மூலவர், உற்சவர் கதையைச் சொல்லித்தர வேண்டாம். கருவறையில் இருக்கிறவர் இடத்தைவிட்டு நகரமாட்டார். தெருவுக்கு வருவது உற்சவர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் எந்தச் சாமி எந்தத் தெருவில் வரும்போது ஊரை ஒட்டிய ஓரிக்கைக்கு எந்தச் சந்து வழியாக ஆட்டோவைத் திருப்ப வேண்டும் என்பது, ஆட்டோ ஓட்டும் எங்கள் அப்பாவுக்கு மனப்பாடம்.

ஒரு காலையில் அக்கா கல்லா பக்கம் போய், மிகவும் பணிவாகச் சொன்னார். "முதலாளி, நம்ம கணக்கு கம்ப்யூட்டரு மூலவரு. அவரு எடத்த வுட்டு அசைய மாட்டாரு. உற்சவருன்னு ஒருத்தரு இருந்தா நல்லது. அவசரம்னா எடுத்துக்கினு வெளிய வர்லாம்."

முதலாளி தலையாட்டிவிட்டார். உற்சவர் வேண்டாம் என்று எந்தக் காஞ்சிபுரத்துக்காரர் சொல்வார்? அந்த வாரமே, கணக்கையெல்லாம் நகல் எடுத்து வைக்கும் சின்ன டிஸ்க் ஒன்று வந்தது. நல்ல நேரம் பார்த்து அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார் முதலாளி. வைத்த இடம், கேபிள் சொருகுகிற ஓட்டை. அக்கா வளையலிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, வெகுநேரம் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "சாமிக்குக் கண்ணத் தொறக்குறேன், யாரும் பேசாதீங்க" என்றார்.

அந்தத் தைரியத்தில்தான் தீ ஒத்திகைக்கு அனுமதி வாங்கினார். 'புறப்பாடு' என்று பெயர். மணி அடித்ததும் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சேல்ஸ் அண்ணன்மார் அத்தனை பேரும், எதிரே விரித்துக் கிடந்த புடவைகளை நிதானமாக மடிக்க ஆரம்பித்தார்கள். விரித்த புடவையை மடிக்காமல் எழுந்தால் வியாபாரம் எழுந்து போய்விடும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது. முந்தானையை உள்ளே வைத்து, கரையோடு கரை சேர்த்து, உள்ளங்கையால் நீவி, ஒவ்வொன்றாக. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாடிக்கைப் பெண்களோ, பிடித்த புடவையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்தால் பக்கத்துக் குடும்பம் எடுத்துவிடும்.

"அண்ணா, இது நெருப்புண்ணா. நெசமா நெருப்புன்னு வெச்சிக்கோங்க" என்று அக்கா கெஞ்சினார்.

மாடிக் கவுண்டர் அண்ணன் தலை நிமிரவில்லை. "வெச்சிக்கினேம்மா. இந்த ஒண்ண மடிச்சிட்டு வந்துட்றேன்."

வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தார். இரண்டு நாள் யோசித்து, விரித்த புடவைகளின் மேல் போர்த்தத் துணி கொண்டுவந்தார். போர்த்திவிட்டால் மடித்த மாதிரி கணக்கு, எழுந்து வரலாம். கொண்டுவந்தது வெள்ளைத் துணி. கல்யாணப் புடவை மேல் வெள்ளைத் துணியா என்று அண்ணன்மார் கொதித்துவிட்டார்கள். மறுநாள் அதே துணி மஞ்சளில் நனைந்து வந்தது. அதற்கப்புறம் மணி அடித்தால் மஞ்சள் துணி பறக்கும், எல்லாரும் வாசலில் நிற்போம். வாடிக்கைப் பெண்கள் மட்டும் கடைசிவரை புடவையோடுதான் வெளியே வந்தார்கள். அதை அக்கா ஒப்புக்கொண்டார். "உயிரும் வந்துச்சி, பொடவயும் வந்துச்சி. இதுக்கு மேல இன்னா வேணும்?"

அந்த விளம்பரம் பார்த்த மாதமே நாங்கள் இருவரும் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தோம். மொட்டைமாடியில் ஒரே போன், ஆளுக்கொரு காதில் ஒரு ஒயர். இங்கிலீஷை நான் பார்த்துக்கொள்வேன், அர்த்தத்தை அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு வேகம் அதிகம். பாடம் முடிவதற்குள் பரீட்சையைத் திறந்துவிடுவேன், தப்பும் செய்வேன். அக்கா ஒவ்வொரு வரியையும் கடைக்குள் எங்கே வைக்கலாம் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருவார். ஒரே ஒரு பொருளை நம்பி முழுத் தொழிலும் தொங்குவதைப் பற்றி ஒரு பாடம். நான் அதை விளக்க வாயைத் திறந்தேன்.

"புரியுது. மாடிக் கவுண்டர் அண்ணனோட மூக்குக்கண்ணாடி" என்றார் அக்கா.

உண்மைதான். மாடியில் எது எந்த அலமாரியில் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு அலமாரியே தெரியாது. அடுத்த வாரம் கல்லா மேஜைக்குள் அவருக்கு இன்னொரு கண்ணாடி வந்து உட்கார்ந்தது.

காலேஜுக்கு அப்புறம் நான் பாதியில் விடாத ஒரே படிப்பு அதுதான். முடித்ததும் இருவரும் விண்ணப்பம் போட்டோம். எனக்குப் பதிலே வரவில்லை. அக்காவை ஒரகடம் பக்கம், பெரிய சரக்குக் கிடங்குகள் நடத்துகிற ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் சமாளித்த ஓர் ஆபத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா மஞ்சள் துணியைச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் மணி அடித்தால் ஆட்கள் கையிலிருக்கும் பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் எழுவார்களாம். கேட்டவர் தன் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாராம்.

வேலை கிடைத்துவிட்டது. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் மட்டும் வேண்டும். அது கையில் இருந்தால்தான் சேர முடியும்.

அதைக் கேட்டதும் முதலாளி கணக்குப் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ போய்ட்டா இங்க யாரும்மா பாப்பாங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு உற்சவரு வெச்சிருக்கேன், முதலாளி."

"உனுக்கு?"

அக்கா என்னைக் கை காட்டினார். முதலாளி என்னைப் பார்த்தார். அப்போது நான் ஒரு காலில் நின்றுகொண்டு இன்னொரு காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை.

"சரி. வைகாசில வளர்பிறை வெள்ளிக்கெழம வருது. அன்னிக்கு நீ வராத. நீ இல்லாம இந்தக் கட ஒரு நாள் ஓடட்டும். ஓடிச்சின்னா லெட்டர்ல கையெழுத்து போட்றேன். ஓடலன்னா, இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக் கூடாது."

"போன்கூட எடுக்க மாட்டேன், முதலாளி."

"எடுக்காத."

கடைக்குள் முதலாளி 'இல்லாம' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் அக்கா எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. தினமும் ஏதாவது ஒரு நேரம் காணாமல் போனார். கூட்டம் நெரியும்போது பார்த்து டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து, "இன்னா நின்னுச்சி?" என்று மட்டும் கேட்பார். முதலில் எல்லாமே நின்றன. பிறகு குறைந்தன. ஒருநாள், "ஒண்ணும் நிக்கலக்கா" என்றேன். அவர் முகத்தில் சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் வேறு ஏதோ. "ஒண்ணுமேவா?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா அம்மாவை அழைத்துக்கொண்டு திருமுக்கூடல் கோயிலுக்குப் போய்விட்டார். போன் அணைத்தாயிற்று. தெரு முனை வரை வேன்கள் நின்றன. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் சுற்றி வருகிற வாத்தியார் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை திறந்த கொஞ்ச நேரத்திலேயே கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. நான் கையைத் தட்டியதும் அண்ணன்மார் பாய்களை வாசல் கூடத்துக்கு இழுத்துப் போட்டார்கள். "பட்டோட கலரு வெயில்லதாம்மா தெரியும், வாங்க" என்று மாடிக் கவுண்டர் அண்ணன், என்னவோ விசேஷ ஏற்பாடு மாதிரி கூட்டத்தை அழைத்தார். பில் கையால் எழுதினோம். வந்தவர்கள் புடவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிவு செய்தார்கள். நான் முதலாளி பக்கம் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். மனசுக்குள் எனக்கு மேளம் கொட்டியது. கடிதம் கிடைத்த மாதிரிதான்.

மதியத்துக்கு முன்னால் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். வேன் நிறைய ஆட்கள். கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். அரக்கில் மயில்கழுத்துக் கரை போட்ட புடவை, எல்லாருக்கும் ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. எங்கள் கடையில் கூறைப்புடவையைப் பையில் போட்டுத் தருவதில்லை. தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ வைத்து, புடவையை மேலே வைத்து, கையில் எடுத்துக் கொடுப்போம். பெண்ணின் அம்மா முந்தானையை ஏந்தி வாங்கிக்கொள்வார். தட்டு தயாரானது. அந்த அம்மா முந்தானையைக் கையிலெடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்கம்மா? ஒசரமா, வளையல்ல ஊக்கு மாட்டிக்கினு இருக்குமே."

"இன்னிக்கு லீவும்மா."

"லீவா? பெரியவளுக்கும் நடுவுளவளுக்கும் அது கையாலதான் வாங்கினேன். ரெண்டு பேரும் நல்லா இருக்குறாங்க. கடைசி பொண்ணுக்கு மட்டும் வேற கையா?" முந்தானையை இறக்கிவிட்டார். "ராசியான கையிம்மா அது. நாளைக்கு வருமா?"

"வருவாங்க."

"நாளைக்குச் சனிக்கெழம." பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தார். "பொடவ அப்படியே இருக்கட்டும். பாக்கலாம்."

புடவைக் கடையில் 'பாக்கலாம்' என்றால் எதிர்க்கடை. முதலாளி போனை எடுத்துவிட்டார். அக்காவின் போன் அணைந்திருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தார். மறுபடி அதையே சொன்னது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார். "இதுக்கு இன்னா உற்சவரு வெச்சிருக்கீங்க பாப்பா?"

கரண்டுக்கு வைத்திருந்தோம். கம்ப்யூட்டருக்கு, சாவிக்கு, மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருந்தோம். கைராசி என்று ஒன்று கடையில் ஓடிக்கொண்டிருப்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அக்காவும் யோசிக்கவில்லை. இந்தக் குடும்பம் வெறும் முந்தானையோடு படியிறங்கினால் அக்காவின் வேலை போயிற்று. நான் கொடுக்கிறேன் என்று சொல்லலாம். என் கைக்கு என்ன ராசி? செமஸ்டருக்குச் செமஸ்டர் அரியர் வைத்த கை.

அடுத்த பாயில் வாலாஜா பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதல் பெண்ணுக்கு முதல் புடவை. காலையிலிருந்து போகிற வருகிற எல்லாரிடமும், "இது நல்லா இருக்குதாபா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் புடவையும் தட்டில் ஏறிவிட்டது. இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது.

"அம்மா, உங்க பெரிய பொண்ணுக்குப் பசங்க எத்தினி?"

"ரெண்டு. ரெண்டும் வாலு." செய்யாறு அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

"நடுவுளவங்க?"

"மாசமா இருக்குது."

"அப்போ ராசி குடுத்த கையிலயா, வாங்கின கையிலயாமா?"

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"இந்த அம்மா மொத பொண்ணுக்கு எடுக்குறாங்க. காலையிலருந்து பயந்துக்கினே இருக்குறாங்க. உங்க கையால எடுத்துக் குடுங்களேன்."

நான் சொல்லி முடிக்கவில்லை, வாலாஜா அம்மா எழுந்து நின்று முந்தானையை விரித்துவிட்டார். "குடுக்கா. ரெண்டு பொண்ண நல்லபடி அனுப்பின கை. எனுக்கு இது போதும்."

செய்யாறு அம்மாவுக்கு வெட்கம். மகள்களையும் தம்பியையும் பார்த்தார். யாரோ பின்னாலிருந்து, "குடும்மா" என்றார்கள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டிலிருந்து புடவையை இரண்டு கையாலும் எடுத்து, "தங்கமா இருக்கட்டும்" என்று கொடுத்தார். வாங்கியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு உட்காரவில்லை.

"உன் பொடவய நான் எடுத்துத் தரட்டுமா? எனுக்கு ராசின்னு ஒண்ணும் சொல்லிக்க முடியாது. ஆனா எங்க வீட்டுக்காரரும் நானும் இத்தினி வருசத்துல ஒரு நாளு சண்ட போட்டதில்ல."

பின்னால் நின்ற அவர் கணவர் பலமாக இருமினார்.

"அது வெறும் இருமலு" என்றார் வாலாஜா அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

செய்யாறு அம்மாவுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் முந்தானையை ஏந்தினார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்தக் கடையில் அவ்வளவு சத்தமாகக் கூறைப்புடவை வாங்கி நான் பார்த்ததில்லை. வரிசையில் இருந்த மற்றக் குடும்பங்கள் சும்மா இருக்குமா? நாலு பிள்ளை பெற்ற அம்மா எங்கே, பேத்தி கண்ட அத்தை எங்கே என்று அவர்களே தேடிக்கொண்டார்கள். சாயங்காலம் வரை தட்டு கை மாறிக்கொண்டே இருந்தது. கரண்டு எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

கடையை எடுத்து வைக்கும்போது முதலாளி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "லெட்டர டைப் பண்ணு. இங்கிலீசுல நல்லா எழுது. பொம்பளப்புள்ள பெரிய எடத்துக்குப் போவுது." படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார். "அந்தத் தட்டு மாத்தற பழக்கத்த அப்டியே வெச்சிக்கலாம்."

மறுநாள் அக்கா பிரசாதப் பொட்டலத்தோடு முதல் ஆளாக வந்து நின்றார். ஆளுக்கொரு பக்கமாகக் கதையைச் சொன்னோம். இருமலை மட்டும் மாடிக் கவுண்டர் அண்ணன் இரண்டு தடவை நடித்துக் காட்டினார். அக்கா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னிடம் தனியாக வந்து, "என் கைய ராசின்னா சொல்லிச்சி அந்தம்மா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேம்பா." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எல்லாத்தையும் யோசிச்சேன். இது கெடக்குது பாரு என் கையிலயே."

கடைசி நாளன்று, போவதற்கு முன்னால் ஒரே ஒரு கூறைப்புடவை தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அன்றும் நல்ல கூட்டம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அம்மா, அந்த அம்மாவுக்குப் பின்னால் இன்னொரு அம்மா. அக்கா எட்டி எட்டிப் பார்த்தார். "வரிசையில நில்லும்மா" என்றார் மாடிக் கவுண்டர் அண்ணன், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. அக்கா நின்றார். தட்டு அவர் முறைக்கு வருவதற்குள் மாகறல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஓடுதுப்பா" என்று கடையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கிடங்கில் அவருக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். எப்போதாவது போன் வரும். "இங்க ஜெனரேட்டரு யானை மாதிரி இருக்குது. அத்த ஓட வெக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான். அவுரு பொண்ணுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. யாரும் யோசிக்கல பாரு" என்று சந்தோஷமாகச் சொல்வார். நான் அவர் இடத்தில் இருக்கிறேன். அடுத்த பரீட்சையும் எழுதிவிட்டேன், வேலை விளம்பரம் பார்ப்பது ஏனோ விட்டுப்போயிற்று. என் விசிட்டிங் கார்டில் 'ரிஸ்க்' என்று அச்சடிக்க முதலாளி ஒப்பவில்லை. 'மங்கள நிர்வாகம்' என்று போடலாமா என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை என்னைத் தூங்கவிடவில்லை. முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் ஒன்றின் புடவையை இன்னொன்று எடுத்துக் கொடுக்கலாம் என்றால், இரண்டு கடைகள் ஏன் கூடாது? எங்கள் தரை தாழ்வு, பெருமழை பெய்தால் தெருத் தண்ணீர் படியேறிவிடும். எதிர்க்கடைக்குப் படி உயரம், ஆனால் மின்சாரம் எங்களைவிட மோசம். எங்களால் திறக்க முடியாத நாளில், எங்களிடம் சொல்லிவைத்த கல்யாணப் புடவைகளை அவர்கள் கவுண்டரில் வைத்துக் கொடுக்க வேண்டும். அவர்களால் முடியாத நாளில் நாங்கள். முதலில் ஒரு நாள் வேண்டுமென்றே ஷட்டரை இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். சிக்கல் ஒன்றுதான். இரண்டு முதலாளிகளும் ஒரே கோயில் உற்சவத்தில் தோளோடு தோள் நிற்கிறவர்கள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் முதலாளியிடம் சொன்னபோது கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். 'சாலு' என்று சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை, அவர்களுக்கு முதல் போணி ஆன பிறகு, நான் தெருவைக் கடந்து போகப் போகிறேன். என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அவன் காப்பி குடுத்தா வேணான்னு சொல்லாத பாப்பா" என்றார் முதலாளி இன்று காலையில், கல்லாவைத் துடைத்துக்கொண்டே. "உக்காந்து குடிச்சிட்டு வா. அப்பதான் மறுநாளு அவன் இங்க வந்து குடிப்பான்."